ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம்: 14416, 14446

இந்த எபிசோடை ரெண்டு போன் நம்பரிலிருந்து ஆரம்பிக்கிறேன். 14416, அப்புறம் 14446. ரெண்டுமே மத்திய அரசின் இலவச உதவி எண்கள். நாலாவது இலக்கம் மட்டும்தான் மாறுகிறது. முதல் எண் மனநல உதவிக்கான ‘டெலி மானஸ்’. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று சுகாதார அமைச்சகம் தொடங்கியது. இரண்டாவது, குடி மற்றும் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான எண். அது சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

சரி, ஒருத்தருக்கு ரெண்டு பிரச்சினையும் சேர்ந்தே இருந்தால் எந்த நம்பருக்குப் போடுவது?

இது நானாக யோசித்த கேள்வி இல்லை. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நேயர் மெயில் எழுதியிருந்தார். பேரும் ஊரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ‘அக்கா’ என்றே சொல்கிறேன். அவருடைய தம்பிக்கு முப்பது வயசு. யாரோ பின்னாடியே வர்றாங்க என்கிறார், காதில் குரல் கேட்கிறது, ராத்திரி தூக்கமில்லை. கூடவே குடி, தினமும். மனநல கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். “முதல்ல குடியை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்கம்மா, அப்பதான் எது நோய், எது போதைன்னு சொல்ல முடியும்” என்றார்களாம். அங்கிருந்து ஒரு மறுவாழ்வு மையம். அங்கே, “மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவங்களை நாங்க சேர்க்கறதில்லம்மா, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க” என்று பதில். அக்கா எழுதிய ஒரு வரி: “எங்களுக்கு ரெண்டு ‘முதல்ல’ இருக்கு சார், எதை முதல்ல செய்யறதுன்னு தெரியல.”

என்னிடம் பதில் இல்லை. நான் டாக்டரும் இல்லை. வரலாறு படிக்கிற ஆள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் தேட ஆரம்பித்தேன். அந்தத் தம்பியின் மண்டைக்குள்ளே மனநோய்க்கும் குடிக்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிகளில் மட்டும் எப்படி வந்தது? யார் கட்டினார்கள், எதற்காக?

முதலில் 1893-க்குப் போவோம். அந்த வருஷம் பிரிட்டிஷ் அரசு இந்திய கஞ்சா விசாரணைக் கமிஷனை அமைத்தது. ஏழு உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் இந்தியர்கள். கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அன்றைக்கு அரசாங்கமே நம்பிய விஷயம். ஆதாரம் கேட்டால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டைக் காட்டுவார்கள். (அன்றைய பெயர் அதுதான், அதனால் அப்படியே சொல்கிறேன்.) பதிவேட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ஆளுக்கு ஆள் அதில் கஞ்சா, கஞ்சா என்று எழுதியிருந்தது.

கமிஷன் ஒரு நல்ல காரியம் செய்தது. அந்தக் கட்டத்தை யார் நிரப்பினார்கள் என்று விசாரித்தது. பார்த்தால், நோயாளியைப் பிடித்து அனுப்பிய போலீஸ்காரர் தரப்பில் எழுதியதுதான் பல இடங்களில் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறது. காரணம் தெரியாது என்று எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும். ஆள் கஞ்சா குடிப்பவன் என்று ஊரில் யாராவது சொன்னால் கட்டம் நிரம்பிவிடும். டாக்டர் அதைப் பார்த்து எழுதுவார், ஆண்டறிக்கையில் அது புள்ளிவிவரம் ஆகிவிடும். கமிஷன் 1892-ம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 1,344 பேரின் விவரங்களைத் திரும்பப் பரிசீலித்தது. கஞ்சாவைக் காரணமாகச் சொல்லக்கூடியவர்கள் 98 பேர்தான். அதிலும் வேறு எந்தக் காரணமும் தென்படாதவர்கள் 61 பேர். ஏற்கெனவே மனம் கலங்கியவர் போதையைத் தேடிப் போயிருக்கலாம் என்ற சாத்தியத்தையும் அறிக்கை கணக்கில் எடுத்துக்கொண்டது.

எது முதலில் வந்தது என்பதை ஒரு கட்டத்துக்குள் எழுதிவிட முடியாது என்று 1894-லேயே இங்கே ஒரு அரசாங்க அறிக்கை காட்டிவிட்டது. அக்காவிடம் கேட்கப்பட்டதும் கிட்டத்தட்ட அதே கட்டத்தை நிரப்பச் சொல்லித்தான்.

ஆனால் சுவர் இங்கே கட்டப்படவில்லை. அதற்கு அமெரிக்கா போய்வர வேண்டும். நம் ஊர் மறுவாழ்வு மையங்கள் பலவற்றின் மாதிரி அங்கிருந்து வந்தது என்பதால் இந்தப் பயணம் அவசியம்.

நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்று ஒரு ஊர். 1864-ல் அங்கே குடிநோயாளிகளுக்காகவே ஒரு பெரிய மருத்துவமனை திறந்தார்கள். கோட்டை மாதிரி கட்டடம். எட்வர்ட் டர்னர் என்ற டாக்டரின் கனவு அது. குடி ஒரு நோய், ஒழுக்கக்கேடு இல்லை என்பது அவர் வாதம். பதினைந்து வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. 1879-ல் அதை மூடி, நாள்பட்ட மனநோயாளிகளுக்கான விடுதியாக மாற்ற முடிவெடுத்தார்கள். குடிக்காரர்களுக்கு என்று தனிக் கட்டடம் கட்டினார்கள், அதே கட்டடத்தில் கடைசியில் மனநோயாளிகள்.

அடுத்து 1935. ஓஹையோவில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற ரெண்டு குடிநோயாளிகள் சந்தித்து, ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறக்கிறது. அன்றைக்கு மனநல மருத்துவர்கள் பலர் குடியைத் தனி நோயாகவே பார்க்கவில்லை. உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றின் அறிகுறி, அதைச் சரிசெய்தால் குடி தானாகப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அது போகவில்லை. ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் கிடந்தும் தேறாதவர்கள் ஏ.ஏ. கூட்டத்துக்கு வந்து குடியை விட்டார்கள். இதனால் ஏ.ஏ. வட்டாரத்தில் மனநல மருத்துவர்கள் மேலேயும் மாத்திரைகள் மேலேயும் ஒரு அவநம்பிக்கை வளர்ந்தது. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் பில் வில்சனின் கதையே இதற்குள் அடங்காது. 1934 டிசம்பரில் குடியை நிறுத்தியவர் சாகும்வரை தொடவில்லை. அப்படியிருந்தும் 1944-லிருந்து சுமார் பதினோரு வருஷம் கடுமையான மனச்சோர்வில் கிடந்தார். சில நாட்கள் படுக்கையை விட்டே எழ முடியாது. ஹாரி டீபவுட் என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். நீங்களே டாக்டரிடம் போகலாமா, நம் வழியைச் சரியாகப் பின்பற்றவில்லையா என்று சொந்த ஆட்களே முணுமுணுத்தார்கள். குடியை விட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையை உலகத்துக்குக் கொடுத்த இயக்கம். அதைத் தொடங்கியவருக்கே இரண்டாவது நோய் ஒன்று இருந்தது. ஏ.ஏ. 1984-ல் மருந்துகள் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. சில உறுப்பினர்களுக்கு மருந்து கட்டாயம் தேவை, யாரும் சக உறுப்பினருக்கு டாக்டர் வேலை பார்க்க வேண்டாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கையேடு வந்துவிட்டது, பழக்கம் போக இன்னும் பல வருஷம் ஆனது.

சுவரைச் சட்டமாக்கியது 1970. ஹெரால்ட் ஹியூஸ் என்று ஒரு செனட்டர். லாரி ஓட்டியவர், ஐயோவா மாநில கவர்னரானவர், குடியிலிருந்து மீண்டவர், அதை மேடையில் சொல்லக் கூச்சப்படாதவர். குடிநோய்க்குத் தனி நிதி, தனி தேசிய நிறுவனம் வேண்டும் என்று போராடி வாங்கினார். அந்த வருஷம் டிசம்பர் 31-ல் நிக்சன் கையெழுத்துப் போட்டார். 1974-ல் போதைப்பொருளுக்கு இன்னொரு தேசிய நிறுவனம். ஆக மனநோய்க்கு ஒன்று, குடிக்கு ஒன்று, போதைக்கு ஒன்று. தனித்தனி நிதி, தனித்தனி பயிற்சி, தனித்தனி சேர்க்கை விதிகள். ஹியூஸைக் குறை சொல்ல முடியாது. மனநலத் துறைக்குள்ளேயே கிடந்திருந்தால் குடிநோயாளிகளுக்குக் காலணா வந்திருக்காது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1955-ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.6 லட்சம் பேர் இருந்தார்கள். புது மருந்துகளும் 1963-ல் கென்னடி கொண்டுவந்த சமூக மனநலச் சட்டமும் சேர்ந்து அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டன. ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்கென்று சொன்ன சமூக மையங்கள் போதிய அளவில் வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பெர்ட் பெப்பர் என்ற மனநல மருத்துவர், நியூயார்க் பக்கம் தன் கிளினிக்குக்கு வந்த ஒரு புதுத் தலைமுறையைப் பற்றி எழுதினார். இளைஞர்கள். மனநோய் உண்டு, ஆனால் ஆஸ்பத்திரிக்குள் அடைந்து கிடந்தவர்கள் இல்லை. தெருவில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் குடியும் போதையும் இவர்களுக்கும் கிடைத்தது. மனநல மையம் அவர்களைப் போதை மையத்துக்கு அனுப்பும், அவர்கள் இங்கே திருப்பி அனுப்புவார்கள்.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஐந்து நகரங்களில் 20,000 பேருக்கு மேல் பேட்டி எடுத்த ஒரு ஆய்வின் முடிவு 1990-ல் வந்தது. வாழ்நாளில் குடிநோய் வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநோயும் இருந்தது. மற்ற போதைகளுக்கு அடிமையானவர்களில் 53 சதவீதம். ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குக் குடியோ போதையோ பிரச்சினையாக இருந்தது. விதிவிலக்கு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிய கூட்டம் அவ்வளவு பெரிசு.

இதற்கு ஒரு பதில் நியூ ஹாம்ப்ஷயரில் உருவானது. ராபர்ட் டிரேக் என்ற மனநல மருத்துவரும் டார்ட்மவுத்தில் அவருடன் இருந்தவர்களும் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஒரு முறையைச் சோதித்தார்கள். ஒரே குழு, ஒரே இடம், ரெண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை. முதல் நாளே குடியை விடு என்ற நிபந்தனை கிடையாது. முதல் கட்டம், ஆள் நம்மை நம்பித் திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான். அடுத்து குடியைப் பற்றிப் பேசுவது. குறைப்பது, நிறுத்துவது எல்லாம் பின்னாடி. நடுவில் தவறி விழுந்தால் வெளியேற்றம் இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ரெண்டு துறையின் சம்பளப் பட்டியலையும் ஒன்றாக்குவதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். இந்த வகை ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் அறிக்கைகள், எந்த ஒரு உளவியல் சிகிச்சை முறையும் மற்றதைவிடத் தெளிவாகச் சிறந்தது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்கின்றன. சேர்த்துப் பார்த்தால் அதிசயம் நடந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. பிரித்து அனுப்பினால் ஆள் நடுவழியில் காணாமல் போகிறார், அதுதான் பிரச்சினை.

இப்போ நம் ஊருக்கு வருவோம். 1980-ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்காவில் மினசோட்டாவில் உள்ள ஹேசல்டனில் பயிற்சி பெற்று வந்தவர். அங்கிருந்துதான் அந்த மாதிரி இங்கே வருகிறது: உள்நோயாளியாகத் தங்குவது, கவுன்சிலிங், குடும்பத்துக்குத் தனி வகுப்பு, குடியை முழுசாக விடுவது. நாலு வருஷம் கழித்து, 1984-ல், அதே சென்னையில் டாக்டர் சாரதா மேனன் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்குகிறார், ஸ்கிசோஃப்ரினியாவுக்காக. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961-லிருந்து பதினேழு வருஷம் நடத்தியவர் அவர். இருவருக்கும் பத்ம விருது கிடைத்தது ஒரே ஆண்டில், 1992-ல்: மேனனுக்குப் பத்மபூஷண், ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ. அரசாங்கம் கைவிட்ட இடத்தில் ரெண்டு பெண்கள் ரெண்டு கதவைத் திறந்தார்கள். குடிநோயாளியை அடித்துக் கட்டிப்போடுவதும், மனநோயாளியைக் கோயிலில் விட்டுவிட்டு வருவதும் வழக்கமாக இருந்த காலம் அது. அவர்கள் செய்ததைச் சுவர் என்று சொன்னால் நன்றிகெட்ட பேச்சு.

சுவரைச் சட்டமும் கோப்பும் கட்டின. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதை ஒட்டி, மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருவது அன்றைய நல்வாழ்வுத் துறைக்குப் போனது. அதுதான் இன்றைய சமூக நீதி அமைச்சகம். ஆஸ்பத்திரிகளில் போதை சிகிச்சை வார்டுகள் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. 1987 மனநலச் சட்டமோ, குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்குத் தனியாக மனநல மருத்துவமனைகள் அமைக்கலாம் என்று ஒரு பிரிவே வைத்தது. இன்றைக்கும் அந்த இரட்டைத் தடம் தெரியும். 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு சுகாதார அமைச்சகத்துக்காக. 2019-ல் டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட போதைப் பழக்க ஆய்வு சமூக நீதி அமைச்சகத்துக்காக. முதலாவது, குடிநோயாளிகளில் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்கிறது. இரண்டாவது, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது உதவி கிடைத்தது என்கிறது. ரெண்டு அமைச்சகம், ரெண்டு ஆய்வு, அப்புறம் ரெண்டு போன் நம்பர்.

2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதில் ஒரு பெரிய மாற்றம். 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மனநோய் என்றால் என்ன என்று சொல்லும் வரையறைக்குள்ளேயே, குடி மற்றும் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அடங்கும் என்று எழுதிவிட்டார்கள். சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. இப்படிப்பட்ட நோயாளிகளைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

சரி, அந்த ரெண்டு ‘முதல்ல’? டாக்டர் சொன்னதிலும் ஒரு உண்மை உண்டு. குடியால் மட்டுமே வந்த மனச்சோர்வு, குடியை நிறுத்திய சில வாரங்களில் பலருக்குத் தணிந்துவிடும். குடியைத் திடீரென நிறுத்தும்போது சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், குரல் கேட்கும். அதை நிரந்தர மனநோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. ஆனால் அந்தக் காத்திருப்பு ஆஸ்பத்திரிக்கு உள்ளே நடக்க வேண்டியது. தினமும் குடிப்பவர் வீட்டில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ‘நிறுத்திட்டு வாங்க’ என்று வாசலில் சொல்வது அதனால்தான் தப்பு.

மறுபக்கமும் பாருங்கள். டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை. 1948-ல் டென்மார்க்கில் குடிக்கான மருந்தாகக் கண்டுபிடித்தார்கள். அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் வாந்தி, படபடப்பு. நம் ஊரில் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற குடும்பங்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அது தெரியாமல் அவர் குடித்தால் உயிரே போகலாம். மனச்சிதைவு உள்ள சிலருக்கு அந்த மாத்திரையே நோயைக் கிளப்பிவிடவும் கூடும். குடியை மட்டும் பார்க்கிற கை இதைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

நான் தேடியதில் எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று. இந்தியாவில் மனநல மருத்துவப் படிப்பிலேயே ரெண்டும் சேர்ந்துதான் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறை ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் அதே டாக்டர்தான் குரல் கேட்கிறவரையும் பார்க்கிறார், குடிநோயாளியையும் பார்க்கிறார். கூட்டம் இருக்கும், நிற்கணும். ஆனால் அங்கே கதவு ஒன்றுதான். தனியார் மையம் என்றால் சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: மனநல மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தொடர விடுவீர்களா, நடுவில் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். போன் என்றால், 14416-ஓ 14446-ஓ, எதற்குப் போட்டாலும் ரெண்டு விஷயத்தையும் முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றை மறைத்தால் அவர்கள் கொடுக்கும் வழியும் பாதிதான் இருக்கும்.

இதைத்தான் அக்காவுக்கும் எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். குடியோடு வந்தவரை அப்படியே வார்டில் சேர்த்து, குடி இறங்குவதற்கும் குரல்களுக்கும் ஒரே வாரத்தில் மருந்து தொடங்கியிருக்கிறார்கள். “வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை குடிச்சிட்டான் சார். டாக்டர்கிட்ட அவனே சொன்னான். திட்டல. மாத்திரையை விடாதேன்னு சொல்லி, அடுத்த செவ்வாய்க்கிழமைக்குச் சீட்டுல தேதி போட்டுக் கொடுத்திருக்காங்க.”